வேலையில்லாதவர்களை எண்ணும் வேலை

அந்த விளம்பரத்தை முதலில் பார்த்தவள் அராபா. மார்க்கெட் சர்க்கிளில் தக்காளிக்காரிகள் உட்காரும் வரிசைக்குப் பின்னால் உள்ள சுவரில், சுகமளிக்கும் ஜெபக் கூட்ட நோட்டீஸுக்கும் எலி மருந்து நோட்டீஸுக்கும் நடுவில் அதை ஒட்டியிருந்தார்கள். நான் போன் ரீசார்ஜ் விற்கிற குடையின் கீழ் மூச்சிரைக்கத் தலையை நீட்டினாள்.

"டேய் எபோ, வேலை வந்திருக்கு."

"யாருக்கு?"

"வேலையில்லாதவங்கள எண்ணுறதுக்கு. தலைநகர் அக்ராலேர்ந்து ஏதோ ஆய்வு நிலையம் வருதாம். இளவட்டங்களுக்கு ஏன் வேலை கிடைக்கலன்னு வீடு வீடாப் போய்க் கேக்கணும். ஆறு பேர் வேணுமாம்."

"என்ன தகுதி?"

"பட்டப்படிப்பு. அப்புறம்..." குரல் இறங்கியது. "மூணு வருஷ அனுபவம்."

"எதுல?"

"அது போடல."

"வேலையில்லாம இருக்கிறதுல நமக்கு நாலு வருஷம் இருக்கே. ஒரு வருஷம் உபரி."

அராபா அக்கோன் புவியியல் படித்தவள். உலகத்தில் எந்த நாட்டில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் சொல்லிவிடுவாள்; டாகொராடியில் வேலை எங்கே கிடைக்கும் என்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் அவளும் எஃபியாகுமாவில் ஒரே தெரு. இருவரும் செவ்வாய்க்கிழமை பிறந்தவர்கள்; எங்கள் பக்கம் பிறந்த கிழமையை வைத்துத்தான் பெயர் வைப்பார்கள் என்பதால் பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும். ஒற்றுமை அத்தோடு சரி. அவள் எதை எடுத்தாலும் முழுதாகச் செய்து முடிப்பாள். நான் சான்றிதழ் வரைக்கும் செய்வேன். கடலில் எண்ணெய் கிடைத்தபோது தெருவுக்கு இரண்டு பயிற்சி நிலையம் முளைத்ததே, அதில் மூன்று சான்றிதழ் வாங்கினேன்: கடலுக்கடியில் வெல்டிங், எண்ணெய்க் கிணற்றுப் பாதுகாப்பு, ஹெலிகாப்டர் கவிழ்ந்தால் தப்பிப்பது. எனக்கு நீச்சல் தெரியாது. ஹெலிகாப்டரைக் கீழே நின்று பார்த்ததோடு சரி. எண்ணெய் மேடைக்கு மொத்தமாகத் தேவைப்பட்டவர்கள் எங்கள் சர்ச் பாடகர் குழுவைவிடக் கொஞ்சம் அதிகம், அதிலும் பாதிப் பேரை வெளிநாட்டிலிருந்தே கூட்டிவந்துவிட்டார்கள் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது.

மூன்று வருஷ அனுபவத்துக்காக மான்சா அக்காவிடம் போனோம். எங்கள் தெருக்கோடியில் கெங்கி அவித்து விற்கிறவர். மக்காச்சோள இலையில் சுற்றிய சூடான மாவு உருண்டையும் பொரித்த மீனும் மிளகாய் விழுதும் வாங்க காலையிலேயே கூட்டம் நிற்கும்.

"ஒரு கடுதாசி வேணும் அக்கா," என்றாள் அராபா. "நான் உங்ககிட்ட மூணு வருஷமா எண்ணுற வேலை பார்த்தேன்னு."

"என்னத்த எண்ணின?"

"கெங்கி."

"நீ எண்ணினியா, தின்னியா?"

"எண்ணி எண்ணித்தானே அக்கா தின்னேன்."

அக்கா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மீன் எண்ணெய்க் கறையில் அது பார்க்க அரசாங்க முத்திரை மாதிரியே இருந்தது.

நேர்காணலுக்கு ஐம்பது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த அந்த அலுவலகத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போனால், வரிசை கேட்டைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி, சவப்பெட்டிக் கடைவரைக்கும் நீண்டிருந்தது. நானூறு பேருக்குக் குறையாது. ஒரு எழுத்தர் வந்து ஆளுக்கொரு நகல் கொடுத்தார். "இதுதான் கேள்விப் படிவம். படிச்சு வைங்க, உள்ள கேப்பாங்க," என்றார்.

அராபா படித்தாள். இருபது கேள்விகள். மூன்றாவது கேள்வி: கடந்த ஏழு நாட்களில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். பதினான்காவது கேள்வி: நீங்கள் வேலையின்றி இருப்பதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்?

பத்து மணிவரை வரிசை பத்தடி நகர்ந்தது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. அராபா பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"என்ன பண்ணப் போற?"

"வீடு வீடாப் போகணும்னு போட்டிருக்கான். வேலையில்லாதவங்க எல்லாரும் இங்க ஒரே வரிசையில நிக்கிறாங்க. இதைவிட வசதியா எப்பக் கிடைப்பாங்க?"

முன்னால் நின்றவரிடமே தொடங்கினாள். அவர் தையல்காரர், நாற்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பட்டமே கிடையாது, சும்மா அதிர்ஷ்டம் பார்க்க வந்திருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு ஏன் வேலை இல்ல?"

"செத்துப்போன வெள்ளைக்காரனால."

"என்னது?"

"கப்பல் கப்பலா அவன் போட்டுக் கழிச்ச சட்டைய மூட்டை கட்டி அனுப்புறான்ல? நம்ம ஊர்ல அதுக்குப் பேரே செத்த வெள்ளைக்காரன் துணிதானே. அஞ்சு சீடிக் காசுக்குச் சட்டை கிடைக்கிறப்ப எவன் என்கிட்டத் துணி எடுத்துக் குடுத்துத் தைப்பான்? எழுதிக்கம்மா. அவனுங்க இன்னும் கொஞ்சம் அதிக நாள் உசிரோட இருந்தா நான் பொழச்சுக்குவேன்."

அராபா அப்படியே எழுதிக்கொண்டாள். அடுத்தவர் துறைமுகத்தில் கோக்கோ மூட்டை தூக்கியவர். "முப்பது பேர் தூக்கினத இப்ப ஒரே மிஷின் தூக்குது. அது சோறு கேக்காது, சங்கம் வைக்காது, மாமியார் செத்துட்டாங்கன்னு லீவு கேக்காது. முதலாளி ஏன் என்னைக் கூப்பிடுவான்?" என்றார். ஒரு வரலாற்றுப் பட்டதாரிப் பெண், "நான் படிச்சது எல்லாம் நடந்து முடிஞ்ச விஷயம். எங்க கேட்டாலும் கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேக்குறாங்க. காலேஜ்ல எங்களுக்கு கம்ப்யூட்டர்ப் பாடம் உண்டு, கம்ப்யூட்டர்தான் இல்ல. கரும்பலகைல படம் போட்டுக் காட்டினாங்க," என்றாள். விவசாயம் படித்த ஒருவன் நிலம் எல்லாம் பெரிய குடும்பங்களின் கையில் இருக்கிறது, வங்கியோ பிணையில்லாமல் வாசலில்கூட நிற்கவிடாது என்றான். இன்னொருவன் முன்னூற்றுப் பதினோரு விண்ணப்பம் போட்டவன். அதில் இரண்டுக்குப் பதில் வந்திருந்தது. ஒன்று வேறு யாருக்கோ வரவேண்டிய கடிதம்.

மத்தியானம் ஆவதற்குள் செய்தி வரிசை முழுக்கப் பரவிவிட்டது. ஆட்கள் தாங்களாகவே அவளைத் தேடி வந்தார்கள். "என்னையும் கேளும்மா." "அவன் சொன்னது பொய், நான் சொல்றேன் கேளு." யாரோ அவளுக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். சவப்பெட்டிக் கடைக்காரர் தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்துவிட்டு, தன் தொழில் மட்டும் நன்றாகப் போவதாகத் தகவலும் தந்தார்.

மூன்றரை மணிக்கு அவள் நோட்டில் நூற்று எண்பத்தேழு பேர் இருந்தார்கள். அப்போதுதான் காவலாளி வெளியே வந்து கையைத் தட்டினார்.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. ஆறு இடமும் நிரம்பிருச்சு."

"இன்னும் அம்பது பேர்கூட உள்ள போகலையே அண்ணே!" என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, போன வெள்ளிக்கிழமையே நிரம்பிருச்சு. பேர்ப் பட்டியல் மேஜை டிராயர்ல இருக்கு. முதல் பேர் இயக்குநரோட அக்கா மகன். விளம்பரம் குடுக்கணும்னு விதி இருக்குல்ல, அதான் குடுத்தாங்க."

அராபா பேனாவை மூடவில்லை. "அண்ணே, உங்களுக்கு எத்தனை வருஷமா இந்த வேலை?" என்று காவலாளியையே கேட்டு, அவர் பதிலையும் எழுதிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் வழியெல்லாம் நான் வாங்கிக் கொடுத்த வறுத்த வாழைக்காயைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, மான்சா அக்கா கடை பெஞ்சில் இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவன் வந்து உட்கார்ந்தான். பெயர் பெர்சி பிளாங்க்சன். இயக்குநரின் அக்கா மகன்.

"வரிசைல நின்னு எல்லாரையும் கேட்டது நீங்கதானா?" என்று அராபாவிடம் கேட்டான்.

"ஆமா. ஏன், போலீஸா?"

"இல்ல, இல்ல. அந்த நோட்டு... குடுப்பீங்களா?"

விஷயம் மெதுவாகத்தான் வெளியே வந்தது. ஆறு பேரும் ஒரு வாரம் ஹோட்டல் அறையில் ஏசி போட்டு உட்கார்ந்து அறுபது படிவத்தைத் தாங்களே நிரப்பியிருக்கிறார்கள். பிறகு கை வலித்துவிட்டது. ஐந்து பேர் அக்ராவுக்குப் போய்விட்டார்கள். மொத்தம் அறுநூறு படிவம் வேண்டும். சரிபார்க்க டாக்டர் டாட்சி என்கிற பெண் மேற்பார்வையாளர் அடுத்த மாதம் வருகிறார்.

"அந்தம்மா எப்படி?" என்று கேட்டேன்.

"போன வருஷம் ஒருத்தர் படிவத்துல வீட்டு நம்பர் தப்பா போட்டதுக்கு, அந்த வீட்டைத் தேடிக்கிட்டு மூணு நாள் அவரையே நடக்க வெச்சாங்களாம்."

அராபா மீன் முள்ளை நிதானமாக எடுத்துக்கொண்டே கேட்டாள். "நீங்க ஏன் வீடு வீடாப் போகல?"

"முதல் நாள் போனேன். ஒரு வீட்டுல, 'நீ எப்படிப்பா இந்த வேலைக்கு வந்த?'ன்னு கேட்டுட்டாங்க. அப்புறம் போகப் பிடிக்கல." கொஞ்சம் நிறுத்தி, "நானும் மூணு வருஷம் சும்மாதாங்க இருந்தேன். கணக்கியல் படிச்சேன். அம்மா போய் மாமா கால்ல விழுந்தாங்க," என்றான்.

அவனை நன்றாகத் திட்டவேண்டும் என்று நான் வாயைத் திறந்திருந்தேன். திறந்த வாயில் கெங்கியைப் போட்டுக்கொண்டேன். மான்சா அக்கா அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டைப் போட்டார்.

"நோட்டைத் தரமாட்டேன்," என்றாள் அராபா. "ஆனா வேலையை நான் செய்றேன். உங்க ஆறு பேர் சம்பளத்துல, ஓடிப்போன அஞ்சு பேரோட பங்கு எங்களுக்கு. ஆளுங்கள நான் பொறுக்குவேன். படிவத்துல ஒரு வரி பொய் இருக்கக் கூடாது. நீங்களும் எங்களோட நடக்கணும்."

"நானா? வெயில்லயா?"

"தொப்பி தர்றோம் சார்," என்று என் எண்ணெய்க் கிணற்றுப் பாதுகாப்பு ஹெல்மெட்டை அவன் தலையில் வைத்தேன். ஆரஞ்சு நிறம் அவனுக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

இப்படித்தான் கெங்கிக் கடையின் பின்பக்கம் எங்கள் அலுவலகம் ஆனது. வரிசையில் நின்றவர்களிலிருந்தே ஆள் எடுத்தாள் அராபா: தையல்காரர், மூட்டை தூக்கியவர், வரலாற்றுப் பெண், முன்னூற்றுப் பதினோரு விண்ணப்பக்காரன், இன்னும் மூன்று பேர். நானும் அவளுமாக ஒன்பது. பெர்சி பத்தாவது. காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலை வரைக்கும் நடை. சாயங்காலம் அராபா ஒவ்வொரு படிவத்தையும் படித்து, சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். என்னை ஒரே வீட்டுக்கு நான்கு தடவை அனுப்பினாள். அந்த வீட்டு நாய் கடைசியில் என்னைப் பார்த்து வாலாட்டியது.

சண்டை எங்கள் தெருவை எண்ணும்போதுதான் வந்தது.

"மூணாவது கேள்வி," என்றாள் என்னைப் பார்த்து. "போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சியா?"

"இல்ல. எழுது, வேலையில்லாதவன்."

"நேத்து எவ்வளவு நேரம் படிவம் நிரப்பின?"

"அது... ஆறு மணி நேரம்."

"அப்ப நீ வேலைல இருக்க."

"அடியே! நாலு வருஷம் காத்துக் கிடந்து கிடைச்ச வேலையே வேலையில்லாதவங்கள எண்ணுறது. அதுலயும் என்னைக் கணக்குல சேக்கலன்னா எப்படி? அடுத்த மாசம் மறுபடியும் குடைக்கு அடியிலதானே உக்காரப் போறேன்?"

"குடைக்கு அடியில ரீசார்ஜ் வித்தாலும் வேலைதான். விதி அப்படித்தான் சொல்லுது."

"அப்ப இந்த ஊர்ல வேலையில்லாம இருக்கணும்னா என்னதான் பண்ணணும்?"

"செத்துப்போகணும்," என்றார் தையல்காரர். "அதுவும் வெள்ளைக்காரனா இருந்தா ஏற்றுமதி வேற ஆகலாம்."

எல்லாரும் சிரித்தோம். அராபா சிரிக்கவில்லை. விதிப்படி என்னை வேலையில் இருப்பவன் என்று எழுதிவிட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில், "இந்த வேலை பதினெட்டு நாளில் முடிகிறது" என்று குறித்தாள். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

டாக்டர் டாட்சி திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி, அதற்கு முந்தின வியாழக்கிழமையே வந்துவிட்டார். குட்டையான பெண்மணி, தடித்த கண்ணாடி, ஆங்கிலம் மட்டும்தான் பேசினார். ஹோட்டலில் யாரும் இல்லாததால் விசாரித்துக்கொண்டே வந்து, கெங்கிக் கடையின் பின்பக்கம் நின்றார். பெர்சி ஆரஞ்சு ஹெல்மெட்டோடு, கை முழுக்க மிளகாய் விழுதோடு, எழுந்து நின்றான்.

"மீதி ஐந்து பேர் எங்கே? இவர்கள் யார்?"

பெர்சி ஹெல்மெட்டைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அராபா தானே முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள், ஹோட்டலில் நிரப்பிய அறுபதையும் சேர்த்து. அந்த அறுபதையும் அவள் தனிக் கட்டாகச் சணல் கயிற்றில் கட்டி வைத்திருந்தாள்.

டாக்டர் டாட்சி மற்ற படிவங்களின் கட்டுக்குள் கையை விட்டு ஒரு படிவத்தை உருவினார். "இருநூற்று முப்பத்து மூன்று. என்ன வீடு?"

"நீலக் கதவு மேடம். முன்னாடி உடைஞ்ச தையல் மிஷின். ரயில் பட்டறைல வேலை பார்த்தவர், பட்டறைல ஆள் குறைச்சதிலேர்ந்து வீட்டுல இருக்கார். ரெண்டாவது மக நர்ஸ் படிச்சிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கா. பேட்டி நடுவுல மழை வந்துச்சு, அதான் அஞ்சாவது பக்கம் சுருங்கியிருக்கு."

இன்னும் நான்கு உருவினார். நான்குக்கும் அவள் தடுமாறவில்லை. டாக்டர் டாட்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போடும்படி, எங்கள் பாஷையான ஃபான்டியில், சுத்தமாக, பக்கத்து ஊர் செகொண்டியின் மீன் சந்தைக்காரிகள் பேசுகிற அதே ஃபான்டியில் சொன்னார்:

"ஏன்டி, இவ்வளவு வேலை தெரிஞ்சவளுக்கு வேலை குடுக்காம, இந்தப் பயலுக்கா குடுத்தானுங்க? அக்கா, எனக்கு ரெண்டு கெங்கி போடுங்க. மீன் வாலு வேணாம், தலை."

ஆய்வு முடிவை ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்ல, இரண்டு மாதம் கழித்து ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டார்கள். டாக்டர் டாட்சி அராபாவை அழைத்து முதல் வரிசையில் உட்காரவைத்தார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். இயக்குநர் கோட்டு சூட்டோடு மேடையேறி, திரையில் படம் போட்டுக் காட்டினார்.

"நமது ஆய்வின்படி, வேலையின்மைக்கு முதல் காரணம்," என்று நிறுத்தி, சபையை ஒரு சுற்றுப் பார்த்தார், "இளைஞர்களின் சோம்பல். இதை நான் சொல்லவில்லை. அவர்களே சொல்கிறார்கள்."

முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். டாக்டர் டாட்சி மைக்கை எடுத்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, அராபா மடியில் வைத்தார்.

அராபா எழுந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார், சோம்பல்னு எத்தனை பேர் சொன்னாங்க?"

"அறுபது பேர். வேறெந்த ஒரே பதிலையும் இவ்வளவு பேர் சொல்லவில்லை."

"ஆமா சார். மத்த ஐந்நூத்து நாப்பது பேரும் ஆளுக்கொரு விதமா, அவங்கவங்க கதையச் சொன்னாங்க. இந்த அறுபது பேர் மட்டும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்காங்க. ஒரே நீல மையில. அறுபது பேரும் சோம்பல்ங்கிற வார்த்தைல அதே ஒரு எழுத்தை விட்டுட்டு எழுதியிருக்காங்க. எல்லாரும் ஒரே ஸ்கூலா சார்?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். இயக்குநர் சிரித்துச் சமாளித்தார். "மாதிரித் தேர்வில் இப்படிச் சில ஒற்றுமைகள்..."

"மாமா," என்று ஒரு குரல் கேட்டது. பெர்சி. காபி மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் கையைத் தூக்கினான், வகுப்பில் தூக்குவது மாதிரி. "அது நான் எழுதினது மாமா, மத்தவங்க அதையே பார்த்துக் காப்பி அடிச்சாங்க. ரூம்ல உக்காந்து. பதினாலாவது கேள்விக்கு என்ன போடறதுன்னு தெரியல. என்னைப் பத்தி யோசிச்சேன், அதான் வந்துச்சு."

இயக்குநர் தேநீர் இடைவேளை அறிவித்தார். அப்போது மணி காலை ஒன்பதரை. கூட்டம் தொடங்கி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அந்த இடைவேளை முடியவே இல்லை. ஊர்ப் பெரியவர்கள் இறைச்சி அடைத்த பலகாரங்களைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தையல்காரரின் பங்குக்காக நானும் நான்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இயக்குநருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். நாங்கள் தனியாக ஒதுக்கிவைத்தும் அவர் கணக்கில் சேர்த்திருந்த அந்த அறுபது படிவத்தை மட்டும் நீக்கிவிட்டு அறிக்கை அச்சானது. நாற்பத்தொரு பேர் சொன்ன பதில் முதல் இடத்துக்கு வந்தது: நாங்கள் போவதற்கு முன்பே இடம் நிரம்பியிருந்தது. அதை அப்படியே போட மனமில்லாமல், 'தகவல் தொடர்பில் தாமதம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். எங்கள் எஃபியாகுமாவில் வேலையில்லாதவர்கள் குறைந்துவிட்டதாக ஒரு பத்தி இருந்தது. ஓரத்தில் எழுதிய சின்ன எழுத்தை யாரும் அச்சிடவில்லை.

கூட்டம் நடந்த அன்றைக்கு ஹோட்டல் மேட்டிலிருந்து இறங்கி வரும்போது அராபா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், டாக்டரம்மா என்கிட்ட, 'இதுல உனக்கு என்ன தோணுது?'ன்னு கேட்டாங்கடா. நாலு வருஷமா எல்லாரும் சான்றிதழைத்தான் பார்த்தாங்க. என்ன தோணுதுன்னு ஒருத்தர்கூடக் கேக்கல." மூக்கை உறிஞ்சினாள். மிளகாய் விழுதுதான் காரணம் என்றாள். அன்றைக்கு நாங்கள் மிளகாய் விழுதே சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் டாக்டர் டாட்சி அவளை ஆக்சிமில் தொடங்கும் இன்னொரு ஆய்வுக்குப் பொறுப்பாளராக்கினார். மீன்பிடியை விட்டு இளைஞர்கள் ஏன் போகிறார்கள் என்று. மூன்று மாத வேலை. அதற்குமேல் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆட்களை அவளே எடுத்தாள். பெர்சியைச் சேர்த்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. "பொய்ப் படிவம் எப்படி இருக்கும்னு அவனுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும். சரிபார்க்க ஆள் வேணும்," என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

ட்ரோட்ரோ வேனில் நெருக்கியடித்து ஆக்சிம் போய் இறங்கியதும் நேரே கடற்கரைக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு பேர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் நடுவயதைத் தாண்டியவர்கள். அராபா கிளிப்போர்டை நீட்டி, "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?" என்றாள்.

கயிற்றின் தலைமாட்டில் நின்றவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் இளசுங்க போயிட்டாங்கன்னு கேக்க எத்தனை இளசுங்க வந்திருக்கீங்க?"

"ஒன்பது பேர்."

"நல்லதாப் போச்சு. ஒன்பது பேரும் அந்தக் கயித்தைப் பிடிங்க. வலை கரைக்கு வரட்டும், அப்புறம் என்ன வேணாலும் கேளு."

கிளிப்போர்டுகளை மணலில் போட்டுவிட்டு இழுத்தோம். பெர்சி இரண்டு தடவை குப்புற விழுந்தான். தையல்காரர் பாட்டு எடுத்துக்கொடுத்தார், தப்பான ராகத்தில். வலை கரைக்கு வந்தபோது அதில் பாதி மீன், பாதி பிளாஸ்டிக் பை. அராபா சிவந்துபோன உள்ளங்கையை விரித்து ஊதிக்கொண்டே, அந்த மனிதரிடம் முதல் கேள்வியைக் கேட்டாள்.